கிணற்றுக்கு ஒரு நன்றியுரை

பேராசிரியரின் கழுத்தில் ஐந்தாவது மாலை விழுந்தபோது நான் மூன்றாவது வரிசையில், கைப்பையை மடியில் வைத்து அதன் வாரை இறுக்கிப் பிடித்தபடி இருந்தேன்.

ஊர்காவற்றுறையில் ஒரு மண்டபம். மாரி ஓய்ந்து வெயில் திரும்பியிருந்த ஒரு காலை. மேடைக்குப் பின்னால் பெரிய பதாகை. அதில் பேராசிரியர் பரமநாயகத்தின் முகம். முகத்தைச் சுற்றி இணையத்தில் எங்கோ அகப்பட்ட ஒரு நட்சத்திரக் கூட்டம். அதற்கு மேலே, 'பிரபஞ்சத்தின் முதல் விடியலைக் கண்ட தீவக மைந்தன்'.

மல்லிகையின் மணமும், குசினிப் பக்கமிருந்து றோல்ஸ் பொரியும் எண்ணெய் மணமும் ஒன்றாகக் கலந்து வந்தன. மேடையில் எட்டுக் கதிரைகள். அவற்றில் இருந்த எட்டுப் பேரில் வானத்தைப் பற்றி ஏதாவது தெரிந்தவர் பேராசிரியர் ஒருவர்தான். அன்றைக்கு அவரும் சந்தேகம்.

என் கைப்பையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று, நான் வாசிக்க வேண்டிய நன்றியுரை. மற்றது, பதாகையில் எழுதியிருந்தது பிழை என்று காட்டும் ஒரு கோட்டு வரைபு.

ஆய்வுக்குழுவில் ஒரேயொரு பெண் இருந்தால் நன்றியுரை அவளுக்கு என்பது இயற்கை விதி. ஈர்ப்பு விசைக்குக்கூட விதிவிலக்குத் தேடுகிறார்கள். இதற்கு இதுவரை ஒருவரும் தேடியதாகத் தெரியவில்லை.

ஒரு பெருமூச்சைக் கேட்பது

நாங்கள் எதைத் தேடினோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மேடையில் இருந்த மற்ற ஏழு பேருக்கும் கடைசிவரை ஒருவரும் சொல்லவில்லை.

பிரபஞ்சத்துக்கு வயது ஏறத்தாழ ஆயிரத்து முந்நூற்றெண்பது கோடி ஆண்டு. தொடக்கத்தில் ஒரே வெக்கை. விரிந்தது. விரிய விரிய ஆறியது. ஆறிய பின் நெடுங்காலம் இருட்டு. எங்கும் வாயு மட்டும், பெரும்பாலும் ஐதரசன். பிறகு எப்போதோ முதல் நட்சத்திரங்கள் பற்றிக்கொண்டன. அது எப்போது நடந்தது, அப்போது அந்த வாயு எவ்வளவு குளிர்ந்து கிடந்தது என்று அளக்க முடிந்தால், பிரபஞ்சம் வளர்ந்த கதையில் கிழிந்துபோன ஒரு பக்கம் திரும்பக் கிடைக்கும்.

அந்தப் பக்கம் முற்றாகத் தொலையவில்லை. முதல் வெளிச்சம் பட்ட வாயு, அக்கால வானொலி அலையில் கொஞ்சத்தை உறிஞ்சிக்கொண்டது. பிரபஞ்சம் விரிந்ததில் அந்த அலையும் நீண்டு, இன்று எங்கள் பண்பலை வானொலிகள் பாடும் இடத்துக்குப் பக்கத்தில் வந்து சேர்கிறது. வானத்திலிருந்து வரும் இரைச்சலை அளந்து கோடாக வரைந்தால், அந்தக் கோட்டில் மயிரளவு ஒரு பள்ளம் இருக்க வேண்டும். அதுதான் விடியல்.

கலியாண வீட்டு ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அடுத்த ஊரில் ஒருவர் விட்ட பெருமூச்சைக் கேட்பது போன்ற வேலை அது. வெளிநாட்டில் ஒரு குழு கேட்டதாகச் சொன்னது. இன்னொரு குழு அப்படியொன்றும் இல்லை என்றது. மூன்றாவதாக நாங்கள் போனோம்.

ஆரவாரம் குறைந்த இடம் வேண்டும். பேராசிரியர் வரைபடத்தில் விரலை வைத்தார். நெடுந்தீவு.

கடல் வானொலி அலையை விழுங்காது, ஏந்திக்கொண்டு வந்து தரும் என்று நான் அவருக்குச் சொன்னேன். கரம்பொன்னில் எங்கள் வீட்டுச் சின்ன வானொலி கொழும்பைவிட இந்தியாவைத்தான் தெளிவாகப் பிடிக்கும். அப்பா அதில் காலநிலை கேட்டுவிட்டுத்தான் கடலுக்குப் போவார். "அது பழைய காலம், றெஜினா" என்றார் பேராசிரியர்.

நெடுந்தீவில், அலையை அளந்து பதியும் பெட்டியைத் திறந்த முதல் நாள் எங்களுக்குக் கேட்டது பிரபஞ்சத்தின் குரல் அல்ல. எதிரே இந்தியக் கரையில் ஒரு நகைக்கடையின் தள்ளுபடி விளம்பரம். அதை வடிகட்டவே ஆறு மாதம் போனது.

பிரபஞ்சம் எந்தக் கந்தோர்

அதற்கு முன் அரசாங்க அனுமதி. ஒரு கந்தோரில் பிரபஞ்சம் தங்களுக்குக் கீழ் வராது என்றார்கள். இரண்டாவது கந்தோரில் கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டார்கள். எது என்று கேட்டேன். "பிரபஞ்சம்" என்றார் எழுதுவினைஞர். அன்டெனாவைத்தான் கேட்கிறார் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

மூன்றாவது கந்தோரில் படிவம் இருந்தது. அதில் 'பயனாளிகளின் எண்ணிக்கை' என்றொரு கட்டம். நான் 'மனித குலம்' என்று எழுதினேன். திரும்பி வந்தது. எண்ணாக எழுத வேண்டுமாம். மூன்று என்று எழுதினேன். அடுத்த நாளே கையெழுத்தாகி வந்தது.

குறிகட்டுவான் இறங்குதுறையில் அன்டெனாவை வள்ளத்தில் ஏற்றினோம். நான்கு கால்களில் நிற்கும் இரண்டு அலுமினியத் தகடுகள். பார்த்தவர்களுக்கு அது வேறாகத் தெரிந்தது.

"தங்கச்சி, உது கட்டிலோ?" என்றார் ஒருவர்.

"இல்லை அண்ணை, அன்டெனா."

"அப்ப இருக்கலாமோ?"

"இருக்கக் கூடாது."

அவர் அதற்குள் இருந்துவிட்டார். நெடுந்தீவு வரைக்கும் அவரும், அவருடைய மனைவியும், ஒரு மூடை வெங்காயமும் பிரபஞ்சவியலின் மேல் பயணம் செய்தார்கள்.

புவனம் அக்காவின் வளவு

எங்களுக்கு நிலம் தந்தவர் புவனேஸ்வரி. புவனம் அக்கா. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். மாடு வளர்த்தார். பனை ஓலையும் வெட்டிக் கொடுத்தார். கணவருக்குக் கொழும்பில் வேலை. அவருடைய வளவைச் சுற்றிப் பவளக்கல் மதில். வளவுக்குள் ஒரு கிணறு. கிணற்றிலிருந்து முப்பது அடி தள்ளி, எங்கள் கட்டில்.

அன்டெனாவுக்குக் கீழே நிலத்தில் கம்பி வலை விரிக்க வேண்டும். கீழே போகும் அலையை வலை மறித்து மேலே திருப்பும். வலை சிறிதானால் ஓரத்தால் அலை நிலத்துக்குள் போய், அங்கே எதிலாவது பட்டுத் திரும்பி வந்து அளவைக் குழப்பும். இதைப் போல நான்கு மடங்கு வலை வேண்டும் என்றேன். அதற்கு மதிலை உடைக்க வேண்டும். உடைக்க இன்னொரு படிவம்.

"உது போதும்" என்றார் பேராசிரியர். "நீர் மீன்பிடிக்கிற ஆக்களின்ர பிள்ளை. உமக்கு எப்பவும் பெரிய வலை வேணும்."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்ததற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

அந்த ஆண்டு மழை பிந்தியது. கட்டில்தான் மழையைத் தடுக்கிறது என்று ஊரில் கதை பரவியது. புவனம் அக்கா என்னிடம் நேராகக் கேட்டார்.

"பிள்ளை, உண்மையைச் சொல்லும். உது மழையை இழுக்கிறதோ, கலைக்கிறதோ?"

"ரெண்டும் இல்லை அக்கா. கேக்கிறது மட்டும்."

"சும்மா கேக்கிறதுக்கோ இவ்வளவு?"

பள்ளம்

கோடை முடியும் தறுவாயில் கோட்டில் ஒரு பள்ளம் தெரிந்தது.

முதலில் கண்டது நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை, ஏனென்றால் அதில் இப்போது பெருமை எதுவும் மிச்சமில்லை. ஆனால் அன்றைக்கு அப்படியில்லை. மடிக்கணினியை மூடினேன், திறந்தேன், மீண்டும் மூடினேன். நட்சத்திரமே இல்லாத காலத்தில் முதல் நட்சத்திரம் எரிந்ததை, மாட்டுச் சாணம் மணக்கும் ஒரு வளவில் இருந்து, நான் காண்கிறேன். அப்படித்தான் நினைத்தேன்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். போட்டுக்கொண்டும் பார்த்தார். "நாங்கள் கண்டிட்டம்" என்றார். அவருடைய இலக்கணத்தில் வெற்றிக்கு 'நாங்கள்', தோல்விக்கு 'நீர்'.

ஆறு மாதம் பொறுக்கலாம் என்றேன். ஆறு நாளில் பத்திரிகையில் வந்தது. 'நெடுந்தீவில் விடிந்தது பிரபஞ்சம்'. படத்தில் பேராசிரியர் அன்டெனாவில் கைவைத்தபடி நின்றார். பின்னால் தீவில் கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளில் ஒன்று, அன்டெனாவின் காலில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அந்தக் குதிரை உரசிய நாளின் அளவுகளை நான் கழித்துவிட்டேன் என்பதை அறிவியலின் சார்பில் பதிவு செய்கிறேன்.

பிறகு மழை வந்தது. நன்றாக வந்தது. மூன்று வாரம் வள்ளம் ஒழுங்காக ஓடவில்லை. ஓடத் தொடங்கியதும் போய்ப் பெட்டியைத் திறந்து, புதிய கோட்டை வரைந்தேன்.

பள்ளம் இருந்தது. ஆனால் இருந்த இடத்தில் இல்லை. வலப்பக்கம் நகர்ந்திருந்தது.

ஆயிரத்து முந்நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் எரிந்த நட்சத்திரங்கள், நெடுந்தீவில் மழை பெய்ததற்காக இடம் மாறுமா?

வாளிக் கயிறு

முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனேன். வாளியை விட்டேன்.

"கவனம் பிள்ளை" என்றார் புவனம் அக்கா. "கயித்தை முழுக்க விடாதையும். தண்ணி மேல நிக்குது."

"மழைக்கோ அக்கா?"

"மழைக்கும்தான். கடல் வெள்ளம் ஏறினாலும் கொஞ்சம் ஏறும், வத்தினால் வத்தும். காலமை பாரும், பின்னேரம் பாரும், ஒரே அளவில நில்லாது. இஞ்ச நிலத்துக்குக் கீழ எல்லாம் ஓட்டையெல்லோ. கடல் வந்து வந்து போகும்."

நான் வாளியைப் பிடித்தபடியே நின்றேன்.

அவர் எனக்குப் பாடம் எடுக்கவில்லை. வாளி கிணற்றுச் சுவரில் அடிபட்டு நசுங்கிவிடும் என்ற கவலையில் சொன்னார். ஆனால் பேராசிரியரும் நானும் இரண்டு வருடமாக வானத்தைப் பார்த்துக்கொண்டே நின்ற நிலத்துக்குக் கீழே, ஓர் ஆள் ஆழத்தில், தண்ணீர் இருந்தது. அதில் பட்டு அலை திரும்புகிறது. தண்ணீர் ஏறினால் பள்ளம் நகரும். வலை சிறிது.

கயிற்றில் சிவப்பு நூலால் முடிச்சுகள் போட்டேன். இரண்டு வாரம் காலையும் மாலையும் கிணற்றை அளந்தேன். மழை நீர் மெல்ல வடிந்தது, பள்ளமும் மெல்ல இடப்பக்கம் திரும்பியது. கடல் ஏறிய வேளை, வற்றிய வேளை என்று அளவுகளைப் பிரித்தேன். அதற்கும் அது ஆடியது. புவனம் அக்காவின் கிணறு பிரபஞ்சத்தைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது.

அழுகை வரவில்லை. சிரிப்பும் வரவில்லை. தலைக்குமேல் கட்டியிருந்த கொட்டகையை யாரோ கழற்றிக்கொண்டு போனது போல இருந்தது.

அறுபத்திமூன்று

விழாவுக்கு முதல்நாள் மத்தியானம் பேராசிரியரின் அறைக்குப் போனேன். வரைபை மேசையில் வைத்தேன்.

"சேர், பள்ளம் நகருது. மழைக்கு முந்தி இஞ்ச. பிறகு இஞ்ச."

நெடுநேரம் பார்த்தார். "பெட்டி சூடாகியிருக்கும்."

"மழையிலயோ சேர்?"

"நீர் கழிச்சதில பிழை விட்டிருப்பீர்."

கிணற்று அளவுகளைக் காட்டினேன். கிணற்று நீரின் கோடும் பள்ளம் நகர்ந்த கோடும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்திருந்தன. அவர் மோட்டு மனிதர் அல்ல. அவருக்கு விளங்கியதை நான் அவர் முகத்தில் கண்டேன். அதற்குப் பிறகு அவர் என்னைப் பார்க்கவில்லை, யன்னலைப் பார்த்தார்.

"உமக்கு எத்தனை வயது?"

"முப்பத்திரண்டு."

"எனக்கு அறுபத்திமூண்டு. இருபத்தெட்டு வருசம் வெளிநாட்டில ஆரோ ஒருத்தற்ற கட்டுரையில எட்டாவது பேரா இருந்தனான். எனக்கு இனி இன்னொரு விடியல் வராது, றெஜினா."

வரைபை எடுத்து மடித்தேன்.

"நாளைக்கு விழா முடியட்டும்" என்றார். "பிறகு ஆறுதலாப் பாப்பம். உம்மட ஒப்பந்தமும் பங்குனியோட முடியுதெல்லோ. அதையும் சேத்துப் பாப்பம்."

இவ்வளவு மரியாதையாக என்னை ஒருவரும் மிரட்டியதில்லை.

மேடை

மண்டபத்துக்குத் திரும்புவோம். ஐந்து மாலைகளுக்குப் பிறகு பொன்னாடை. பொன்னாடைக்குப் பிறகு பிரதம விருந்தினர். அவர் நாற்பது நிமிடம் பேசினார். "பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது என்று பேராசிரியர் கண்டுபிடித்திருக்கிறார். அதேபோல எங்கள் தீவக வீதிகளும் விரிவாக்கப்படும்" என்றார். பலத்த கைதட்டல். இரண்டு கூற்றில் ஒன்றாவது உண்மை என்பதால் நானும் தட்டினேன்.

பிறகு என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

படியேறும்போது எதையும் தீர்மானித்திருக்கவில்லை. தலைவருக்கு நன்றி. விருந்தினருக்கு நன்றி. ஒலிபெருக்கி தந்தவருக்கு, பந்தல் போட்டவருக்கு, சிற்றுண்டிக்கு. தாள் முடிந்தது. நிமிர்ந்தபோது கடைசி வரிசையில் புவனம் அக்கா தெரிந்தார். புதுச் சீலை உடுத்து, முதல் வள்ளத்துக்கே வெளிக்கிட்டு வந்திருந்தார். தன் வளவில் ஏதோ பெரிய காரியம் நடந்ததென்று நம்பி வந்திருந்தார்.

"கடைசியாக, புவனேஸ்வரி அவர்களின் கிணற்றுக்கு நன்றி" என்றேன்.

சிலர் சிரித்தார்கள்.

"நாங்கள் கண்ட பள்ளம் வானத்திலிருந்து வரவில்லை. நிலத்துக்குக் கீழே இருந்த தண்ணீரில் அலை பட்டுத் திரும்பியதால் வந்தது. மழை பெய்ததும் தண்ணீர் ஏறியது. பள்ளமும் நகர்ந்தது. நட்சத்திரங்கள் அப்படி நகர மாட்டா. ஆகவே நாங்கள் இன்னும் எதையும் கண்டுபிடிக்கவில்லை. நன்றி, வணக்கம்."

தாளை மடித்தேன். 'வணக்கம்' என்ற சொல்லுக்கு வழக்கமாகத் தட்டும் கைகள் தட்டின. பிரதம விருந்தினரும் தட்டினார். அறிவிப்பாளர் எல்லோரையும் தேநீருக்கு அழைத்தார்.

இவ்வளவுதான். ஒரு பிரபஞ்சம் உடைந்த சத்தம் ஒருவருக்கும் கேட்கவில்லை. றோல்ஸ் தட்டோடு வந்த ஒருவர், "நல்லாக் கதைச்சீர். அந்தக் கிணறு எத்தனை அடி?" என்று கேட்டார்.

புவனம் அக்கா என் கையைப் பிடித்தார். முகம் வாடியிருந்தது. "எங்கட கிணத்தில பிழையெண்டோ சொன்னனீர்?"

"இல்லை அக்கா. கிணறு சரி. எங்கட கணக்குத்தான் பிழை."

"அப்ப அதை வடிவாச் சொல்லியிருக்கலாமெல்லோ. சனம் இனித் தண்ணி அள்ள வராது."

அவர் சொன்னது நியாயம். நான் அவரைப் பற்றி யோசிக்கவேயில்லை. உண்மை சொல்லும் உற்சாகத்தில் அது யாருடைய தலையில் விழுகிறது என்று பார்க்காமல் விடுவது என் தொழிலில் இருப்பவர்களின் குறை. அடுத்த கிழமை நெடுந்தீவுக்குப் போய், அக்கம்பக்கத்து வீடுகளில் ஏறி இறங்கி, தண்ணீரில் ஒரு பிழையும் இல்லை என்று சொன்னேன். எல்லோர் முன்னாலும் இரண்டு செம்பு குடித்தும் காட்டினேன்.

பேராசிரியர் மண்டப வாசலில் மாலைகளைக் கையில் மாட்டிக்கொண்டு நின்றார்.

"நன்றியுரையில ஆய்வு வாசிக்கிறது முறையில்லை, றெஜினா."

"வேற இடம் நீங்கள் தரேல்லை, சேர்."

அடுத்த நாள் பத்திரிகையில் முழுப் பக்கம். பேராசிரியர், மாலைகள், வீதி விரிவாக்கம். கடைசி வரி, 'நிகழ்வின் இறுதியில் நெடுந்தீவு மக்களுக்கும் அவர்களது கிணற்றுக்கும் நன்றி தெரிவிக்கப்பட்டது'.

மிதந்த கட்டில்

பங்குனியில் என் ஒப்பந்தம் முடிந்தது. நீடிக்கவில்லை. சில மாதம் கழித்து, தீவுகளின் நிலத்தடி நீர் வானொலி அளவுகளைக் குழப்பும் விதம் பற்றி ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் பேராசிரியர் பரமநாயகம். நல்ல கட்டுரை. கிணறு தலைப்பில் இருந்தது. நான் அடிக்குறிப்பில் இருந்தேன்.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். புவனம் அக்கா வளவைக் காலி செய்யச் சொன்னபோது அன்டெனாவை நான் எடுக்கலாமா என்று பேராசிரியரிடம் கேட்டேன். நிமிராமலே கையெழுத்துப் போட்டார். நான் கதவடிக்குப் போன பிறகு கூப்பிட்டார். "பெட்டியையும் கொண்டுபோம். அது இல்லாட்டி என்னத்தை அளக்கிறது?"

நிலத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதுதான் சிக்கல் என்றால், நிலமே இல்லாத இடத்துக்குப் போனால் என்ன? உப்புக் கடல் வானொலி அலையை அப்படியே திருப்பும். அதைவிடப் பெரிய வலை உலகத்தில் இல்லை.

என் அண்ணன் அன்ரன் கரம்பொன்னில் கடற்றொழில் செய்பவர். பிளாஸ்ரிக் பீப்பாய்களைக் கட்டி மிதவை செய்து, காற்றில்லாத பருவத்தில், ஆழம் குறைந்த களக்கடலில் நங்கூரம் போட்டுக் கட்டிலை ஏற்றினார். ஒவ்வொரு விடியலிலும் தொழிலுக்குப் போகும் வழியில் பெட்டியின் பற்றரியை மாற்றினார். கடற்படையினர் இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு போனார்கள்.

ஏழு வாரத்துக்குப் பிறகு வள்ளத்தில் இருந்தபடியே கோட்டை வரைந்தேன். வழவழப்பான கோடு.

"என்ன இருக்கு?" என்றார் அண்ணன்.

"ஒண்டுமில்லை அண்ணை."

அவர் கொஞ்சம் யோசித்தார். "வலையில மீன் வராட்டி, கடலில மீன் இல்லையோ, வலையில ஓட்டையோ எண்டு எப்பிடித் தெரியும்?"

இரண்டு வருடத்தில் எங்கள் பீடத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி அது.

"அதுக்குத்தான் நானே ஒரு பொய்ப் பள்ளத்தை அளவுகளுக்குள்ள விட்டுப் பாத்தனான். அது வந்தது. உண்மையான பள்ளம் அந்த ஆழத்தில இருந்திருந்தால் அதுவும் வந்திருக்கும்."

"அப்ப வலை சரி."

"ஓம். வலை சரி."

முதல் விடியல் எங்கோ இருக்கிறது. ஆனால் அவ்வளவு ஆழமான பள்ளமாக இல்லை. அதை எழுதினேன். இரண்டு பக்கம். முதல் பெயர் என்னுடையது, இரண்டாவது அண்ணனுடையது. நிறுவனம் என்ற இடத்தில் கரம்பொன் என்று போட்டேன். வெளிநாட்டுக் குழுவொன்று அந்த அளவைத் தங்கள் பட்டியலில் சேர்த்துக்கொண்டதாகக் கடிதம் எழுதியது. அந்தக் கடிதத்தை நான் பலதரம் வாசித்தேன்.

"ஊரில ஆரும் கேட்டால் என்ன சொல்லுறது?" என்றார் அண்ணன்.

"வடிவாத் தேடினம், ஒண்டும் இல்லையெண்டு சொல்லுங்கோ."

அப்படியே சொன்னார். ஒருவரும் நம்பவில்லை. ஏழு வாரம் கடலில் காவல் இருந்துவிட்டு வெறுங்கையோடு வருவார்களா? எதையோ எடுத்து ஒளித்துவிட்டார்கள் என்று கதை. போன கிழமைகூட மீன் சந்தையில் ஒருவர் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாராம், "அன்ரன், எங்களுக்கும் அதில ஒரு பங்கு தராமல் விடமாட்டாய்தானே?"